மொட்டைத்தலையும் காலி நாற்காலியும்

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, எல்லா டெஸ்டும் எடுத்து, "ஒன்றுமில்லை" என்ற ஒற்றை வார்த்தையோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் எழுத்தாளன் இல்லை. ஆந்திராவில், ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர். பெயர் ஏழுமலை, நகரிக்குப் பக்கத்தில் கிராமம். இரண்டு மாதமாகத்தான் மறுபடி வண்டி எடுக்கிறேன். அதற்கு முன்னால் ஏழு மாதம், ஒரே ஒரு நாள் பத்து நிமிடம் தவிர, ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

எனக்கு வந்த நோய் இரண்டு. முதல் நோய் ஒரு பூச்சி கடித்து வந்தது. இரண்டாவது என் தம்பி சேகரால் வந்தது. பூச்சியின்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாந்தோப்பில் புதர் வெட்டினேன். பத்து நாளில் காய்ச்சல். சித்தூரில் மலேரியா, டைபாய்டு, டெங்கு என்று வரிசையாகப் பார்த்தார்கள், எதுவும் இல்லை. ஆறாம் நாள் மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸில் போட்டுத் திருப்பதிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா, வயதில் சின்னவர், என் சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கத் தேடினார். அக்குளில் பீடி சுட்டது போலக் கறுப்பாக ஒரு பொருக்கு இருந்தது. "இதிகோ!" என்றார், தொலைந்த சாவி கிடைத்த சந்தோஷத்தில். நோயின் பெயர் ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி கடித்தால் வருவது. சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே போய்விடும். எனக்கு அதற்குள் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டிருந்தன.

ஐ.சி.யு.வில் ஒரு மாஸ்க் போட்டார்கள். காற்றை அதுவே அழுத்தி உள்ளே தள்ளும். பேச முடியாது, சாப்பிட முடியாது. ஆறு நாள் அது என் முகத்தில் இருந்தது.

அந்த நாட்களில் சேகர் என்னைப் பார்த்துக்கொண்டதை மறைக்கக் கூடாது. என்னைவிட எட்டு வயது சின்னவன். உள்ளே விடும் நேரமெல்லாம் வருவான். பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பான். காலைப் பிடித்துவிடுவான். தலை சீவிவிடுவான். என் மனைவி கோமதி வந்தால் அழுவாள், அவன் அழவே மாட்டான். அவன் உள்ளங்கையில் விரலால் "நைனா" என்று எழுதுவேன். நைனா என்றால் எங்கள் அப்பா, எண்பது தாண்டிவிட்டது. வீட்டில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார், காது கேட்காது, போனில் பேச மாட்டார். சேகர் குனிந்து என் காதருகில் சொல்வான்:

"நைனாக்கு ஒண்ணும் இல்லண்ணா. தூங்கிக்கினு கீறாரு."

நடுவில் மூன்று நாள் அவனைக் காணோம். மலைக்குப் போயிருக்கிறான் என்றாள் கோமதி. மாஸ்க் எடுத்து என்னை வார்டுக்கு மாற்றிய அன்று வந்தான். தலை மொட்டை. மீசையும் இல்லை.

வேறு எந்த ஊராக இருந்தாலும் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். எங்கள் பக்கத்தில் கொள்ளி வைத்தவன் தலையை மழித்துக்கொள்வான் என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் அது திருப்பதி. வார்டுக்கு மாத்திரை கொண்டுவருகிறவர் மொட்டை, லிஃப்டில் நிற்கிறவர் மொட்டை, டீக்கடையில் பாதிப் பேர் மொட்டை. அந்த ஊரில் மொட்டைத்தலையைப் பார்த்து யாரும் எதுவும் கேட்பதில்லை.

"இன்னாடா இது?" என்றேன், குரல் வராமல்.

"உனுக்காகத்தாண்ணா. பொழச்சு வந்தா முடி தரேன்னு வேண்டிக்கினேன்."

"மீசையுமா?"

"சாமிக்குக் கொடுக்கிறதுல பாதி வெச்சுக்கலாமாண்ணா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தான். லட்டு. கொஞ்சமாகக் கிள்ளி என் வாயில் வைத்தான். பல நாளுக்குப் பிறகு நாக்கில் பட்ட முதல் ருசி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் தலையில் கை வைத்து, "நல்லா இருடா" என்றேன். நைனா எப்படி என்று கேட்டதற்கு அன்றும், "ஒண்ணும் இல்லண்ணா" என்றான். பக்கத்துக் கட்டிலில் ரேணிகுண்டாக்காரர் ஒருவர் இருந்தார். அவரிடமும், நர்சிடமும், தரை துடைக்க வந்த அம்மாவிடமும், "என் தம்பி எனக்காக மொட்டை போட்டான்" என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். ரேணிகுண்டாக்காரர், "தம்முடண்டே இலா உண்டாலி" என்றார். தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டுமாம்.

மொத்தம் இருபத்து மூன்று நாள் படுத்திருந்தேன். வீட்டுக்கு வந்தால் கயிற்றுக் கட்டில் காலி. நைனா சாந்திபுரத்தில் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். நடக்கவே முடியாதவர் அவ்வளவு தூரம் எப்படிப் போனார் என்று கேட்டேன். கார் வைத்துக் கூட்டிப் போனார்களாம். நானும் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு என்ன காரணம் இருந்தது?

மூன்றாம் நாள் காலை மெல்ல நடந்து வீட்டுக்குப் பின்னால் போனேன். மழை நனைக்காமல் இருக்க விறகின்மேல் ஒரு பழைய ஃப்ளெக்ஸ் போர்த்தியிருந்தது. எங்கள் ஊரில் கட்சி ஃப்ளெக்ஸ், கல்யாண ஃப்ளெக்ஸ் எல்லாம் கடைசியில் விறகுக்கும் வைக்கோலுக்கும்தான் வரும். இதை எழுத்து தெரியாதபடி திருப்பிப் போட்டிருந்தார்கள். காற்றில் ஒரு மூலை மடங்கியிருந்தது. மடங்கிய இடத்தில் நைனாவின் ஒரு கண் தெரிந்தது.

முழுதாக இழுத்துப் போட்டேன். கண்ணீர் அஞ்சலி என்று தமிழிலும் தெலுங்கிலும் இருந்தது. தேதி இருந்தது. நான் மாஸ்கோடு கிடந்த மூன்றாம் நாள். கீழே, துயரத்தில் வாடும் மகன்கள் என்று போட்டு, முதல் பெயராக என் பெயர். சேகர் பெயர் இரண்டாவது.

என் பெயர் பஸ் ஸ்டாப்பில் நின்று பதினாறு நாள் வாடியிருக்கிறது. ஊரே படித்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாது. தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். என் இடத்தில் நின்று அவன் வைத்திருக்கிறான். தீட்டு வீட்டுக்காரன் மலைக் கோயிலுக்குப் போக முடியாது, ஆகவே அந்த லட்டு கோயிலிலிருந்து அவன் கொண்டுவந்ததுகூட இல்லை. யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறான். நைனா செத்து நாலாம் நாள், நான் இனிப்புத் தின்று, வாழ்த்தும் சொல்லியிருக்கிறேன்.

கோமதி ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உன்னையும் பறிகுடுத்துடுவேனோன்னு பயம்யா" என்றாள். எப்படி மறைத்தார்கள் என்பதையெல்லாம் கொட்டிவிட்டாள். அவள்மேல் எனக்கு இருந்த கோபம் அழுகையோடு பாதி போயிற்று. சேகர் அழவில்லை. வாசலில் நின்று, "டாக்டரம்மாதான் இப்ப சொல்ல வோணாம்னாங்க. அதிர்ச்சி தாங்காதுன்னாங்க" என்று சொல்லிவிட்டு மோட்டார் போடப் போய்விட்டான். அதற்குப்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்பான். நான் பதில் சொல்ல மாட்டேன்.

ஒரு மாதம் கழித்து, பஸ்ஸை எடுத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, நெஞ்சு இறுகியது. மூச்சு முட்டியது, விரல் மரத்தது, சாகிறேன் என்று தெரிந்தது. ஓரம் கட்டினேன். சேகர் காரில் என்னைச் சித்தூருக்குக் கொண்டுபோனான். இ.சி.ஜி. எடுத்தார்கள். ட்ரோபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. இதயத் தசை அடிபட்டால் அது ரத்தத்தில் ஏறுமாம். எக்கோ, அதாவது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன். எல்லாம் சரி. "ஏமீ லேதய்யா" என்றார் டாக்டர். வெளியே வந்ததும் சேகர் மொழிபெயர்ப்பது போலச் சொன்னான்: "ஒண்ணும் இல்லண்ணா."

அதே வாய். அதே வார்த்தை. இவன் இப்படிச் சொன்னபோதுதானே அங்கே நைனா செத்துப்போயிருந்தார்?

அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும் நம்பவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டாக்டரும் சேகரும் பேசினால் என்னைப் பற்றித்தான், எனக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று நினைப்பேன். கோமதி நல்ல மீன் குழம்பு வைத்தால்கூடக் கடைசி ஆசை என்று தோன்றும். மூன்று முறை அட்மிட் ஆனேன். ஒருமுறை ரிப்போர்ட்டுகளைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, என்னைத் தெரியாத ஆள் வேண்டும் என்று, திருப்பதியில் ஒரு ஸ்கேன் சென்டருக்குத் தனியாகப் போனேன். அங்கிருந்த டாக்டரிடம், "சார், இது என் தம்பி ரிப்போர்ட். அவன்கிட்ட சொல்ல மாட்டேன். என்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லுங்க" என்றேன்.

அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க தம்பி நல்லா இருக்காருங்க" என்றார். இவரும் சேர்ந்துகொண்டார் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

சித்தூர் டாக்டர்தான் கடைசியில் உட்காரவைத்துப் பேசினார். இதற்குப் பேனிக் அட்டாக் என்று பெயர். திருடன் வராமலே நாய் குரைப்பது மாதிரி. குரைப்பது பொய்யில்லை, திருடன்தான் இல்லை. மூச்சு முட்டுவது நிஜம், இதயம் நன்றாக இருப்பதும் நிஜம். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். ஃப்ளெக்ஸ் கதையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு திருப்பதியில் ஒரு மனநல ஆலோசகருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

எனக்கென்ன பைத்தியமா என்று வீட்டில் கத்தினேன். போனேன். வேறு வழி இல்லை. வண்டி ஓட்டாமல் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது?

அவர் பெயர் மாதவி மேடம். தெலுங்குக்காரர், வேலூரில் படித்ததால் தமிழ் வரும். முதல் இரண்டு வாரம் வெறும் பேச்சு. மூன்றாவது வாரம் என் எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு, "அதுல உங்க நாயனா உக்காந்திருக்காருன்னு வச்சுக்கோங்க. சொல்லாம விட்டதைச் சொல்லுங்க" என்றார்.

"இன்னா மேடம், என்னைக் கூத்தாடச் சொல்றீங்களா?"

சிரித்தார். அவர் செய்வது உணர்ச்சியை மையமாக வைத்த சிகிச்சை. நடந்ததைக் கதையாகச் சொன்னால் நாம் நியாயம்தான் பேசுவோம். ஆளை எதிரில் வைத்துப் பேசினால் உள்ளே அமுக்கி வைத்தது எழுந்து வரும், வந்தால்தான் மாறும் என்றார். "பாதியில நின்னுபோன சண்டைக்கும் துக்கத்துக்கும் இது உதவுதுன்னு ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க. எல்லாருக்கும் உதவும்னு நான் சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் உங்களுக்கு இன்னும் கஷ்டமாக்கூட இருக்கும்." பலிக்காமலும் போகலாம் என்று முன்கூட்டியே சொன்ன முதல் ஆள் அவர்தான். அதனாலேயே உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் தெலுங்கில் ஆரம்பித்தேன். கலெக்டருக்கு மனு கொடுப்பதுபோல இருந்தது. "வீட்ல எந்த பாஷையில திட்டுவீங்களோ அதுல பேசுங்க" என்றார். தமிழுக்கு மாறினேன். என்னை மன்னித்துவிடு நைனா, கொள்ளி வைக்க நான் இல்லை என்றேன். நைனாவின் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து அவராகப் பதில் சொல்லச் சொன்னார். "ஒம்மேல இன்னாடா கோவம்? துன்னுட்டியா?" என்று வந்தது. அவ்வளவுதான். அழுகை வந்தது, போயிற்று. ஆனால் அந்த வாரமும் நெஞ்சு இரண்டு முறை இறுகியது. நைனாவை உட்காரவைத்தால் போதும் என்று நாங்கள் இருவருமே நினைத்தது தப்பு.

அடுத்த முறை மாதவி மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாயனாகிட்டதான் பேசுறீங்க. ஆனா கை முஷ்டி பிடிச்சு, கதவைப் பாக்குது. கதவுக்கு வெளியில யாரு?"

வெளியே பெஞ்சில் சேகர் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு வாரமும் அவன்தான் காரில் கூட்டி வருவான்.

"அவரை இங்க உக்கார வைங்க. எப்படித் தெரியிறாரு?"

வெறும் பிளாஸ்டிக் நாற்காலி. ஆனால் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது. மொட்டைத்தலை. நிஜ சேகர் அதற்குள் முடி வளர்த்துச் சீவியிருந்தான், எதிர் நாற்காலியில் இருந்தவனுக்கு வளரவில்லை.

"உன் தலையில கை வெச்சு நல்லா இருடான்னு சொன்னேனேடா!" என்றேன். குரல் எங்கிருந்து வந்ததோ தெரியாது. "எனுக்கு லட்டு குடுத்தியே. நைனா செத்து நாலாம் நாளு நான் லட்டு துன்னேன்டா! ஊரு மொத்தம் தெரியும், எனுக்குத் தெரியாது. வார்டு பூரா உன்னப் பத்திப் பெருமை பேசிக்கினு இருந்தேன். என்னை ஏன்டா அப்படி ஆக்கினே?" கெட்ட வார்த்தைகளும் வந்தன, எழுதவில்லை. எழுந்து நின்று கத்தினேன். மேடம் தடுக்கவில்லை. ஓய்ந்தபிறகு, "அவரால உங்களுக்கு என்ன இல்லாம போச்சு? அதை அவர்கிட்டயே சொல்லுங்க" என்றார்.

நைனா போய்விட்டார், அதை யாராலும் தடுத்திருக்க முடியாது. என்னிடமிருந்து எடுக்கப்பட்டது வேறு. "நீ சொன்னா நம்பலாம்னு ஒண்ணு இருந்துச்சு. அது பூட்ச்சுடா" என்றேன்.

சேகரின் நாற்காலிக்கு மாறச் சொன்னார். மாட்டேன் என்றேன். அவனுக்காக நான் ஏன் வக்காலத்து வாங்க வேண்டும்? வற்புறுத்தவில்லை. மன்னிப்பதற்காக இந்த சிகிச்சை இல்லை, செய்தது தப்பு என்று நிமிர்ந்து சொல்லிவிட்டு வருவதும் குணமாவதுதான் என்றார். அது எனக்குப் பெரிய நிம்மதி. நம் ஊரில் எல்லாரும் மன்னித்துவிடு, தம்பிதானே என்றே சொல்கிறார்கள்.

அதற்கடுத்த வாரம் நானாகவே மாறி உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் என் கை தானாகத் தலைக்குப் போனது. மழித்த தலையைத் தடவுவதுபோல் தடவினேன். "யாரு கொள்ளி வெக்கிறதுன்னு கேட்டாங்கண்ணா" என்று என் வாய் சொன்னது. அதற்குமேல் எதுவும் வரவில்லை. நைனா போன அன்று வீட்டில் நிஜமாக என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"இங்க பேசினது நீங்கதான், உங்க தம்பி இல்லை. அவர் மனசுல என்ன இருக்குன்னு இந்த நாற்காலிக்குத் தெரியாது" என்றார் மாதவி மேடம்.

வெளியே வந்தேன். சேகர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். போன வாரம் நான் கத்தியது பெஞ்சு வரை கேட்டிருக்கும். எதிரே டீக்கடை. போட்டிருந்த இரண்டு நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"அன்னிக்கு இன்னா நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லு" என்றேன்.

டீ வந்தது. அவன் தொடவில்லை. சொல்ல ஆரம்பித்தான்.

"மதியானத்துல இருந்து மூச்சு இழுத்துச்சு. உன்னைத்தான் கேட்டுக்கினு இருந்தாரு. பெரியவன் வந்துட்டானா, பெரியவன் வந்துட்டானான்னு. இங்க நீ மாஸ்க்குல கெடக்கிற. இன்னா சொல்லுவேன்? புத்தூர் தாண்டிட்டான் நைனா, வந்துக்கினே கீறான்னு காதுல கத்தினேன். வாசலையே பாத்துக்கினு இருந்தாரு. அப்படியே போயிட்டாருண்ணா."

புத்தூரிலிருந்து எங்கள் ஊருக்கு எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். தினம் ஓட்டுகிற ரோடு. நைனாவுக்கும் தெரியும். ரயில்வே கேட் போட்டிருந்தாலும் அரை மணிக்குள் வந்துவிடலாம். அந்தக் கணக்கில்தான் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்.

அப்படியானால் இவன் நைனாவையும் ஏமாற்றியிருக்கிறான். அவருக்கு நான் வந்துகொண்டிருந்தேன், எனக்கு அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு நெஞ்சு இறுகியது. வழக்கம்போலத்தான், மூச்சு முட்டியது, விரல் மரத்தது, டீ கிளாஸ் கீழே விழுந்தது. சேகர் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தான். "ஒண்…" என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். என் முகத்தைப் பார்த்தான். இத்தனை மாதத்தில் அவன் கண்ணில் அப்போதுதான் தண்ணீர் பார்த்தேன்.

"வேகமாத்தாண்ணா அடிக்குது. எனுக்கும் பயமா கீது."

அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அதை நம்பினேன்.